பம்பரத்துக்குத் தைத்த சட்டை

ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். விடுதி அறையில் பெட்டி வைக்கலாம், படுக்கலாம். மூன்றாவதாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் வராந்தாவுக்குத்தான் போக வேண்டும். வாசலிலேயே செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் வேலை நிரந்தரமாகி, நான் வீடு பார்க்க ஆறு மாதமாவது ஆகும். அதுவரை என் பூனை பம்பரம் உங்கள் பொறுப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டதோடு உங்கள் மகனுக்கும் எனக்கும் உறவு முடிந்துவிட்டது. இனி உங்களை என்னவென்று எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு வருடமாக மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும்.

போனில் பேசலாம்தான். ஆனால் நாற்பது வருடத் தையல் மிஷின் சத்தத்தில் உங்கள் காது மந்தமாகிவிட்டது. நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பீர்கள். பூனை விஷயத்தில் அந்த "சரிம்மா" உதவாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்கு இரண்டு வயது. உடம்பில் இருக்கும் துள்ளலை நாம் விளையாட்டுக் காட்டி வெளியே எடுக்காவிட்டால், உங்கள் திரைச்சீலையில் ஏறி அதுவே எடுத்துக்கொள்ளும். காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம், இரண்டும் சாப்பாட்டுக்கு முன்னால். கோலின் நுனியில் துணிப்பந்து கட்டித் தரையோடு இழுங்கள். ஆள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினால் எம்பிக் குதித்து, வழவழப்பான தரையில் விழுந்து காலை உடைத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. முடிக்கும்போது பந்தை அது பிடிக்கும்படி விட்டுக்கொடுங்கள். கடைசிவரை பிடிக்கவே முடியாமல் போனால் அதற்குக் கோபம் வரும், நமக்கும் அப்படித்தானே. விரலை ஆட்டி விளையாடவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் நூல். முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம் என்று இருக்கிறீர்கள், வீடு முழுக்க நூல்தான். அதை விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்துவிடும். நூல், ரிப்பன், எலாஸ்டிக், ஊசி எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள் போகட்டும். ஆடி முடித்ததும் கோலையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகள்

~

ஜூன் 14

அன்புள்ள மருமகளுக்கு,

ஆட்சேபமாவது ஒன்றாவது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். எனக்கும் வேறு சொல் தெரியாது. கோர்ட்டில் என்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

பூனைக்கு நீ வைத்த பெயர்தான் சரியில்லை. பம்பரம் கொஞ்ச நேரம் சுற்றினால் ஓய்ந்து படுக்கும். இது ஓய்கிற வழியாக இல்லை. நேற்று பேங்க் மேனேஜர் பேன்ட்டுக்கு அளவு கொடுக்கக் கையை விரித்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து தாவி அவர் தோளில் உட்கார்ந்துகொண்டது. மனிதர் அசையவே இல்லை. நானும் அப்படியே இடுப்பளவு எடுத்து முடித்துவிட்டேன். இஞ்சு டேப்பை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடுவது தினசரி நடக்கிற காரியம்.

கடிகாரத்தைப் பார்த்து ஆட்டம் காட்டுகிறேன். ஐந்தாவது நிமிடம் எனக்குத்தான் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. அதற்கு நீ விதி எதுவும் எழுதவில்லை. மேல்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "பூனையை நீங்க வச்சிருக்கீங்களா, பூனை உங்கள வச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பால்கனிக்குக் கொசுவலையை இரண்டாக மடித்துத் தைத்து மாட்டியிருக்கிறேன். நல்ல தையல், பயப்படாதே. நூல்களை எல்லாம் டப்பாவில் போட்டாயிற்று. மாமியார் மருமகளுக்குச் சட்டம் போடுவது கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே தலைகீழாக நடக்கிறது.

அவனிடமிருந்து செய்தி எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அன்புடன்,
மாமா

~

ஜூன் 27

அன்புள்ள மாமாவுக்கு,

மேனேஜர் கதையை வார்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பேன்ட் சரியாக வந்ததா என்று ஒரு நர்ஸ் கவலையோடு கேட்டார்.

ஆனால் கொசுவலை வேண்டாம் மாமா. தையல் பிரியாது என்று எனக்குத் தெரியும், வலை கிழியுமே. பம்பரத்தின் நகத்துக்கு அது ஒரு வார வேலை, அதற்குக் கீழே முதல் மாடி உயரம். கம்பி வலை வாங்கி நான்கு பக்கமும் திருகாணி போட்டு மாட்டச் சொல்லுங்கள். அதுவரை பால்கனிக் கதவு மூடியே இருக்கட்டும். இன்னொன்று, மொட்டைமாடியில் கொஞ்சம் நடக்கவிட்டால் அதற்கு நல்லது. கழுத்தில் கட்டும் பட்டி கூடாது. மார்பையும் வயிற்றையும் சுற்றி மாட்டுகிற மாதிரி நீங்களே தைத்துவிடுங்கள். பட்டிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

இங்கே என்னிடம் பெயின்டர் ஒருவர் வருகிறார். ஏணியிலிருந்து விழுந்து முட்டி மடங்காமல் போனவர். வீட்டில் பயிற்சி செய்தீர்களா என்று கேட்டால் தினமும் "செஞ்சேம்மா" என்பார். முட்டியை மடக்கிப் பார்த்தால் செய்யவில்லை என்று முட்டியே சொல்லிவிடும். முன்பெல்லாம் இப்படி யாராவது பொய் சொன்னால் கோபம் வரும். இப்போது களைப்பாக இருக்கிறது. உங்கள் மகன் இன்னொரு பெண்ணோடு இன்னொரு வீடு வைத்திருந்தார் என்பதைக்கூட ஏதோ ஒரு நாள் தாங்கியிருப்பேன். ஒரு வருடமாக நான் கேட்டபோதெல்லாம் என் முகத்தைப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நீங்கள் அப்படி இல்லை. உண்மை தெரிந்த அன்றே என்னை உட்காரவைத்துச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். பம்பரத்தை வேறு யாரிடமும் விடாமல் உங்களிடம் விட்டதற்கு அதுதான் காரணம்.

உங்கள் மருமகள்

~

ஜூலை 11

அன்புள்ள மருமகளுக்கு,

கம்பி வலை மாட்டியாயிற்று. மாட்ட வந்தவர், "சிங்கமா வளக்கிறீங்க?" என்று கேட்டார்.

பட்டிக்கு அளவு எடுத்தேன். கழுத்து ஒன்பதரை இஞ்சு, மார்பு பதினான்கு, வயிறு பதினைந்தே கால். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. டேப்பை மார்பில் சுற்றினால் நுனியைக் கடிக்கும், நுனியைப் பிடித்தால் கையை உதைக்கும். கடைசியில் தூங்கும்போது எடுத்தேன். உள்பக்கம் மெத்தென்று ஃபிளானல் துணி, வெளியே உறுதியான காடா, இரண்டு விரல் இடைவெளி. போட்டுவிட்டதும் மரக்கட்டை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழக்கினேன். நான்காம் நாள் மொட்டைமாடியில் வாலை நிமிர்த்திக்கொண்டு நடந்தது பார், எனக்கே பெருமையாக இருந்தது.

நீ சொன்ன துணிப்பந்து இப்போது அதற்கு அலுத்துவிட்டது. கோலுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சாண் எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் பந்து தானாகத் துள்ளும். நான் தைத்தால் பிரியாது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தபால்காரர் இப்போது மாடி ஏறி வந்து கையிலேயே கொடுக்கிறார். பூனையைப் பார்க்க வருகிறார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
மாமா

~

ஜூலை 22

அன்புள்ள மாமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம். நீங்கள் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் வேண்டாம். பந்து அலுத்துவிட்டதென்றால் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டுக் கொடுங்கள், காகிதத்தைக் கசக்கி உருட்டிவிடுங்கள், இரண்டு நாளைக்கு ஒரு முறை பொம்மையை மாற்றுங்கள். பழசை ஒளித்துவைத்து ஒரு வாரம் கழித்துக் காட்டினால் அதற்குப் புதுசாகத் தெரியும்.

நீங்களும் கொஞ்ச நேரம் எழுந்து நடங்கள். பூனைக்கு மட்டும் உடற்பயிற்சி சொல்லித்தருவதற்கு ஆஸ்பத்திரியில் எனக்குச் சம்பளம் தருவதில்லை.

உங்கள் மருமகள்

~

ஆகஸ்ட் 17

அன்புள்ள மருமகளுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் வேலை அதிகம். இங்கே எல்லோரும் நலம். விசேஷமாக ஒன்றும் இல்லை.

பம்பரம் நன்றாக இருக்கிறது. முன்னைப்போல் ஆடுவதில்லை, சமர்த்தாகப் படுத்திருக்கிறது. வயதாகிறது அல்லவா. மழைக்காற்று குளிர்ந்து வீசுவதால் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறேன். பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றுப் பக்கம் இரட்டைத் துணி கொடுத்து, முதுகில் மூன்று நாடா முடிச்சு. கழுத்து ஒன்பது, வயிறு பன்னிரண்டரை. நான்கு காலுக்கும் தனித்தனியாக வளைத்து வெட்டியதால் நடக்கச் சிரமம் இல்லை. டீச்சர் பார்த்துவிட்டு, "எனக்குக்கூட இவ்வளவு அளவா நீங்க தச்சதில்லையே" என்றார்.

வேறு செய்தி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா

~

ஆகஸ்ட் 25

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது.

குளிருக்குத் தைக்கிற சட்டை முதுகை மூடும். நீங்கள் தைத்தது வயிற்றை மூடுகிறது, அதுவும் இரட்டைத் துணி. ஜூலையில் பதினைந்தே காலாக இருந்த வயிறு இப்போது பன்னிரண்டரை. அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வயதுப் பூனைக்கு வயதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

எழுதும்போது எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அளவை மட்டும் உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள். பொய்யான அளவு எழுத உங்கள் கை வந்திருக்காது. அந்தக் கைக்கு நன்றி.

"விசேஷமாக ஒன்றும் இல்லை" என்ற வரியைப் படித்தபோது யார் கடிதம் என்று ஒருமுறை கவரைத் திருப்பிப் பார்த்தேன்.

என்ன நடந்தது? பம்பரம் உயிரோடு இருக்கிறதா?

~

ஆகஸ்ட் 31

அம்மா,

உயிரோடு இருக்கிறது. நேற்று தையல் பிரித்தாயிற்று. இந்த வரியை நீ முதலில் படிக்க வேண்டும் என்பதற்காக மேலே எழுதினேன்.

எலாஸ்டிக் வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் வருவதற்கு முன்பே கோலைச் செய்துவிட்டேன். கடிதம் வந்த அன்றாவது பிரித்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பந்து துள்ளுகிற அழகும், அதன் பின்னால் பம்பரம் துள்ளுகிற அழகும் மனதைக் கெடுத்துவிட்டன. நான் போட்ட தையல் பிரிந்து இதுவரை ஒருவரும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர்தான். தையல் பிரியவில்லை. தையலுக்குக் கீழே எலாஸ்டிக்கையே கடித்துத் துண்டாக்கிவிட்டது.

கோட்டுக்கு அளவு கொடுக்க ஒருவர் வந்தார். கோலை அலமாரியில் வைக்காமல் மிஷின் மேலேயே போட்டுவிட்டு எழுந்து போனேன். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தபோது பந்து தரையில் கிடந்தது. எலாஸ்டிக் எங்கே என்று அப்போதே தேடியிருந்தால் விஷயம் சின்னதாகப் போயிருக்கும். எங்காவது கிடக்கும், பெருக்கும்போது கிடைக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் வாந்தி. முடி உருண்டை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் ஆட்டம் காட்டக் கோலை எடுத்தேன். அது தலையைக்கூடத் தூக்கவில்லை. ஓடிப்போய் மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். டீச்சர்தான் வண்டி பிடித்து வந்தார். டாக்டர் வயிற்றைத் திறந்து எடுத்து ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். பையில் டேப் இருந்தது, எதற்கென்றே தெரியாமல் அளந்தேன். ஏழே கால் இஞ்சு. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா அவ்வளவுதாங்க" என்றார். வயிற்றில் அவர் போட்ட தையலைப் பார்த்தேன். என்னுடையதைவிட நெருக்கமாக இருந்தது.

தலையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினார்கள். அதோடு சுவரில் முட்டி முட்டி நின்றதைப் பார்க்க முடியவில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு அந்தச் சட்டையைத் தைத்தேன். என் சொந்த யோசனையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதையே பொய்க்கும் பயன்படுத்திக்கொண்டேன்.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். நீ எனக்கு எழுதுவதெல்லாம் பூனைக்காக. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் உனக்கும் எனக்கும் நடுவில் எழுத என்ன இருக்கிறது? தபால்காரர் வராத வீட்டை நினைத்துப் பயந்துவிட்டேன். என் மகன் எந்தப் பயத்தில் உன்னிடம் பொய் சொன்னானோ தெரியாது. நீ இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அவன் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதான். அதை மறுக்க எனக்கு வாய் இல்லை.

பம்பரத்தை வேறு யாரிடமாவது விடச் சொன்னாலும் விடுகிறேன். நீ சொல்கிறபடி.

தையல்காரர்

~

செப்டம்பர் 28

அம்மா,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. பூனையின் நிலவரம் உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

வயிறு பதிமூன்றே முக்கால். இரண்டு வேளையும் சாப்பிடுகிறது. தையல் பிரிக்கும்வரை குதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால் கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் பின்னறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டு நானும் தரையில்தான் படுத்தேன். இப்போது ஐந்து நிமிடம் காகித உருண்டை மட்டும். பின்னறைக்கும் கடைக்கும் நடுவே கதவு போட்டுவிட்டேன். கடைக்குள் அது வருவதே இல்லை.

கெட்ட செய்தியும் இருக்கிறது. போன வியாழக்கிழமை கதவைச் சாத்த மறந்து இரண்டு நிமிடம் உள்ளே வந்துவிட்டது. எதையும் கடிக்கவில்லை. தரையை முழங்காலில் நின்று பார்த்துவிட்டேன். முன்பாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தையல்காரர்

~

அக்டோபர் 9

வணக்கம்.

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு ஐந்தாவதாக இதை எழுதுகிறேன்.

வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை, தரைத்தளம், பூனை வைத்துக்கொள்ள வீட்டுக்காரருக்குச் சம்மதம். வரும் 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து பம்பரத்தை அழைத்துக்கொண்டு போகிறேன்.

தண்டனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தையல் கடையில் இப்படிப்பட்ட பூனையை விட்டது என் தவறு. பக்கம் பக்கமாக விதி எழுதினேன், விடுகிற இடத்தைப் பார்க்கவில்லை. உங்கள் மேல் இருந்த நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீங்கள் மறைத்தது இன்னும் வலிக்கிறது. அதை இல்லையென்று எழுதினால் நானும் பொய் சொன்னதாக ஆகும். ஆனால் ஒன்று. அவர் பொய் சொன்னார் என்று தெரிந்தபோது எனக்குக் களைப்புதான் வந்தது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது கோபம் வந்தது, இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்காத அளவுக்குக் கோபம். அது ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

கூடை நானே கொண்டுவருகிறேன். அன்று காலையில் அதற்குச் சாப்பாடு குறைவாகக் கொடுங்கள், பயணத்தில் வாந்தி எடுக்கும்.

~

அக்டோபர் 22

அம்மா,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பம்பரம் கூடையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும்.

நீ வந்து போன இரண்டு மணி நேரத்தையும் மூன்று நாளாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்ததும் கடையைப் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் நேராகப் பின்னறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாய். அதன் வயிற்றைத் திருப்பித் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாய். அப்புறம், "எப்படி விளையாட்டுக் காட்டுறீங்க, காட்டுங்க" என்றாய். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி அவசர அவசரமாக உருண்டையை எறிந்தேன். "இவ்வளவு வேகம் வேணாம், தரையோட உருட்டுங்க" என்றாய். உருட்டினேன். பம்பரம் பாய்ந்து பிடித்தது. இரண்டு மாதத்துக்கு அப்புறம் அது அப்படிப் பாய்ந்து நான் பார்த்தது அன்றுதான். நீயும் பார்த்தாய்.

நான் போட்ட டீயைக் குடித்தாய். நூல் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தாய். அந்த இரண்டு மணி நேரத்தில் நீ என்னை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை. மாமா என்றும் இல்லை, ஐயா என்றும் இல்லை. "இந்தாங்க", "கேளுங்க", "போயிட்டு வரேன்", இவ்வளவுதான். குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் உன்னைப் பெயரிட்டோ உறவு சொல்லியோ கூப்பிடவில்லை. எனக்குத் துணிச்சல் இல்லை.

பூனை இல்லாத வீட்டில் அலமாரியைப் பூட்ட வேண்டிய அவசியம் இல்லை. பூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறேன், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மொட்டைமாடிக்குப் போய் நானே நடந்துவிட்டு வருகிறேன். பூனையைப் பற்றி இனி எழுத என்னிடம் செய்தி கிடையாது. ஆகவே இது பூனையைப் பற்றிய கடிதம் இல்லை. ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

நீ கூடையோடு கிளம்பியபோது, சட்டைக்கு அளவு கொடுக்க ஒருவர் வந்து நின்றார் அல்லவா. நீ படியில் இறங்கும்போது அவர், "யாருங்க அந்தப் பொண்ணு, உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். யோசிக்க எனக்கு நேரமே இல்லை.

"ஆமாங்க, என் மருமக" என்று சொல்லிவிட்டேன்.

என் குரல்தான் உனக்குத் தெரியுமே, தெருவுக்கே கேட்டிருக்கும். நீ மூன்றாவது படியில் ஒரு நிமிடம் நின்றாய். திரும்பிப் பார்க்கவில்லை. கூடை கனக்கிறதென்று நின்றாயா, அது காதில் விழுந்து நின்றாயா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு இறங்கிப் போய்விட்டாய்.

உன்னிடம் இனி பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உன்னைப் பற்றி ஊராரிடம் சொல்வதும் பொய்யாக இருக்கக் கூடாது. அந்த மனிதர் நவம்பர் 8ஆம் தேதி சட்டை வாங்க வருகிறார். நான் சொன்னது தவறென்றால் அவரிடமே திருத்திச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் வெட்கம் இல்லை.

நான் சொன்னது உண்மையா, பொய்யா? எழுது.

பதிலை எதிர்பார்த்து,
மாமா